அப்பப்பாவின் பிஸ்கட் டின்னில் அமெரிக்க ஐந்து சென்ட்கள்: தரம் பார்ப்பது எப்படி?

பாண்டிருப்பு நிலா:
இங்கினியாகலையில் மொரிசன் நட்சன் கம்பனி கல்லோயா அணையைக் கட்டிய காலத்தில் அப்பப்பா அங்கே லொறி ஓட்டியவர். அமெரிக்கப் பொறியியலாளர்கள் கொடுத்த சில்லறையை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அது இப்போது என்னிடம் இருக்கிறது. காட்டெருமை போட்ட ஐந்து சென்ட் மூன்று: ஒன்று 1936, ஒன்று 1925 (எருமையின் பக்கம் கீழே ‘எஸ்’ என்ற எழுத்து), மற்றதில் ஆண்டே தெரியவில்லை. ஜெபர்சன் தலை போட்ட 1943 ஒன்று, கரிய சாம்பல் நிறம். கூடவே நம் சிலோன் சதுர ஐந்து சதம், 1920. பழைய பொருட்கள் வாங்கும் ஒருவர், தேசிக்காயும் உப்பும் போட்டு மினுக்கிக் கொண்டுவந்தால் விலை கூட்டித் தருவதாகச் சொல்கிறார். மினுக்கலாமா?

கல்லடி வாத்தியார்:
தேசிக்காயைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை. தேய்த்த காசை விளக்கின் கீழ் சாய்த்தால் மயிரிழைக் கீறல்கள் கூட்டமாக ஒரே திசையில் ஓடும். தரச் சான்று தரும் நிறுவனங்கள் அதற்கு 1 முதல் 70 வரையான தர இலக்கத்தைக் கொடுக்காமல், ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடும். உங்களிடம் மினுக்கச் சொன்னவர் பித்தளைக் குத்துவிளக்கு வாங்கிப் பழகியவர் போலும்.

காட்டெருமைக் காசில் முதலில் கொம்பைப் பாருங்கள். தரப் பெயர்களைக் கீழிருந்து மேலாகச் சொல்கிறேன். கொம்பு முழுதாகத் தேய்ந்து, ஆண்டை மட்டும் வாசிக்க முடிந்தால் ‘குட்’. பாதிக் கொம்பு தெரிந்தால் ‘வெரி குட்’. முக்கால்வாசி நின்றால் ‘ஃபைன்’. நுனி மட்டும் மழுங்கியிருந்தால் ‘வெரி ஃபைன்’. நுனிவரை கூர்மையாக நின்றால் ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’. உங்கள் 1936 பிலடெல்பியாவில் அடித்தது, அங்கே அப்போது எழுத்துப் போடுவதில்லை, அதனால்தான் எழுத்து இல்லை. ஏராளமாக அடித்த ஆண்டு. தேய்ந்திருந்தால் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள்.

1925 எஸ் விஷயத்தில் அவசரப்படக் கூடாது. அது சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலைக் காசு. 1920களின் நடுப்பகுதியில் அங்கேயும் டென்வரிலும் அடித்த காசுகள் பல, அச்சு சரியாகப் பதியாமல் பிறந்தவை. ஒருவர் கையும் படாத காசிலேயே கொம்பும் எருமையின் தலைமயிரும் மொட்டையாக இருக்கும். கொம்பை மட்டும் பார்த்துத் தரம் சொல்பவர் இங்கேதான் ஏமாறுவார். தேய்மானமா, அச்சுக் குறையா என்று பிரிக்க ஒரே விளக்கின் கீழ் காசை மெல்லச் சுழற்றுங்கள். அச்சுக் குறை என்றால் மொட்டையான இடத்திலும் ஒளி வட்டமாக ஓடும். கைபட்டுத் தேய்ந்தது என்றால் மேடான இடங்களில் அந்த ஓட்டம் அறுந்து, நிறம் மங்கிக் கிடக்கும். சூரிய வெளிச்சத்தைவிட மேசை விளக்கு நல்லது.

1943இன் பின்பக்கத்தில் உள்ள கட்டடத்தின் கும்மட்டத்துக்கு மேல் பெரிதாக ‘பி’ இருக்கிறதா? அந்தப் பெரிய எழுத்துத்தான் யுத்தகாலக் கலவைக்கு அடையாளம். யுத்தத்துக்கு நிக்கல் தேவைப்பட்டதால், 1942 முதல் 1945 வரை அதை விட்டுவிட்டு 35 சதவீதம் வெள்ளி, 56 செம்பு, 9 மங்கனீஸ் கலந்து அடித்தார்கள். அந்தக் கலவை இலகுவில் கறுக்கும். அது அழுக்கு அன்று, அதனால் தேய்க்க வேண்டாம்.

சதுர ஐந்து சதத்தில் ஜோர்ஜ் மன்னரின் கிரீடத்தையும் மீசை, தாடியையும் பாருங்கள். நான்கு மூலைகளும் அடிபடாமல் கிடைப்பது அரிது. ஆண்டு தெரியாததைப் பிறகு பேசலாம்.

சம்மாந்துறை காசுப்பெட்டி:
ஆண்டு தெரியாததற்கு ஃபெரிக் குளோரைட் ஒரு துளி போதும், தங்கச்சி. சர்க்கிட் பலகை அரிக்க எலக்ட்ரோனிக் கடைகளில் விற்பார்கள். இலக்கம் எழுந்துவிடும்.

கல்லடி வாத்தியார்:
எழும்தான், தம்பி. இலக்கம் பதிந்த இடத்தில் உலோகம் அதிகம் அமுங்கியிருப்பதால் அமிலம் அங்கே வேறுவிதமாக அரிக்கிறது. ஆனால் அந்த இடம் சொரசொரப்பாகிவிடும், பார்த்தவுடனே தெரியும். ஆண்டை வாசிக்கத்தான் ஆசை என்றால் செய்யுங்கள், விற்பதற்கு அது உதவாது.

பிள்ளை, அமிலத்துக்கு முன் எருமையின் காலடியைப் பாருங்கள். நிற்கும் நிலம் மேடாக இருக்கிறதா, அல்லது நேர்கோடாக வெட்டப்பட்டிருக்கிறதா?

பாண்டிருப்பு நிலா:
மேடுதான் ஐயா. ‘ஃபைவ் சென்ட்ஸ்’ என்ற எழுத்தும் அந்த மேட்டின் மேலேயே இருக்கிறது.

கல்லடி வாத்தியார்:
அப்படியென்றால் அது 1913. ஆண்டு அழிந்தாலும் சந்தேகமில்லை. மேட்டில் இருந்த எழுத்து சீக்கிரம் தேய்கிறது என்று அதே ஆண்டிலேயே மேட்டை வெட்டி, எழுத்தைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார்கள். ஆண்டு மட்டும் முன்பக்கத்தில் உள்ள அமெரிக்க இந்தியர் உருவத்தின் தோளில் மேடாகவே 1938 வரை இருந்தது. அதனால்தான் இத்தனை காசுகள் ஆண்டு இல்லாமல் திரிகின்றன. ‘ஃபைவ் சென்ட்ஸ்’ என்பதற்குக் கீழே டென்வரின் ‘டி’ அல்லது சான் பிரான்சிஸ்கோவின் ‘எஸ்’ இருக்கிறதா?

பாண்டிருப்பு நிலா:
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், எதுவும் இல்லை.

கல்லடி வாத்தியார்:
அப்போது பிலடெல்பியாதான். முதல் ஆண்டு என்று அந்தக் காலத்திலேயே பலர் எடுத்து வைத்ததால் நல்ல நிலையில் நிறையக் கிடைக்கிறது. உங்களுடையது தரத்தில் அடிமட்டம். விற்க வேண்டாம், அப்பப்பாவின் பெயரில் இருக்கட்டும்.

சம்மாந்துறை காசுப்பெட்டி:
ஆல்பம் வாங்கும்போது கவனம், தங்கச்சி. மலிவான மென்மையான பிளாஸ்டிக் பைகளில் பிவிசி இருக்கும், நம் பக்கத்து வெக்கைக்கு அது பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டும்.

கல்லடி வாத்தியார்:
உண்மை. கல்முனைக் கடற்காற்றும் மார்கழி மழையும் சேர்ந்தால் இன்னும் மோசம். மைலார் என்ற பிவிசி இல்லாத தெளிவான பிளாஸ்டிக் தாள் வைத்த அட்டைகளில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். விளிம்பில் மட்டும் பிடியுங்கள். மேசை விளக்கில் எடுத்த 1925இன் படம், இரண்டு பக்கமும், கொம்பு தெளிவாகத் தெரியும்படி போட்டால் அதன் தரத்தைச் சொல்லிவிடுவேன்.