ஹீட் பிரஸ் அழுத்தம்: மீட்டரைப் பார்ப்பதா, காகிதத்தை இழுப்பதா?

பனியன் அச்சு: 40 டி-ஷர்ட்டுக்கு டிடிஎஃப் (பிலிமில் அச்சிட்டதை ஹீட் பிரஸ்ஸில் சூடாக அமுக்கித் துணியில் ஒட்டுவது) அடித்துக் கொடுத்தேன். இரண்டாவது துவைப்பில் எழுத்தின் ஓரம் உரிகிறது என்று 6 திரும்பி வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் 160 டிகிரி, 15 வினாடிதான் வைத்தேன். பிலிம் தந்தவர் அழுத்தம் 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) இருக்க வேண்டும் என்கிறார். என்னுடையது கையால் மூடும் கிளாம்ஷெல் (மேல்தட்டு வாய்போலத் திறந்து மூடும் மெஷின்), மீட்டர் கிடையாது. காற்றில் ஓடும் மெஷின் வாங்கினால்தான் தீருமா?

காற்று சிலிண்டர்: வாங்கிவிடுங்கள் தம்பி. கையால் மூடினால் ஆளுக்கு ஆள் அழுத்தம் மாறும். ஆர்டர் வேலையை அதை நம்பிச் செய்ய முடியாது.

பழைய திருகு: மாறாது அண்ணா. கைப்பிடி ஒரே இடத்தில்தான் பூட்டும், அழுத்தம் மேலே உள்ள திருகில் இருக்கிறது. அப்புறம், மீட்டர் காட்டுவது சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை, துணிமேல் விழும் அழுத்தத்தை அல்ல. நேராக அமுக்கும் 100 மி.மீ. சிலிண்டரில் 40 பிஎஸ்ஐ வைத்தால் சுமார் 220 கிலோ விசை வரும். அது 40×60 செ.மீ. தட்டு முழுக்கப் பரவினால் துணிக்குக் கிடைப்பது ஒன்றரை பிஎஸ்ஐகூட இல்லை. சிலிண்டர் அளவு மாறினால் இந்தக் கணக்கும் மாறிவிடும். பிலிம்காரர் சொன்ன 40 எந்த மெஷினுடைய 40?

காற்று சிலிண்டர்: கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் திருகில் நிலையாக இருப்பது இடைவெளி மட்டும்தான். 320 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 320 கிராம் எடை) ஹூடிக்கு வைத்த திருகில் 160 ஜிஎஸ்எம் பனியனைப் போட்டால் தட்டு சும்மா தொட்டுவிட்டுத்தான் வரும். சிலிண்டர் துணி எவ்வளவு தடித்திருந்தாலும் அதே விசையில் அமுக்கும். எனக்கு அதுதான் முக்கியம்.

பழைய திருகு: அது உண்மை. துணி மாறும்போதெல்லாம் திருகை மாற்றத்தான் வேண்டும். தம்பி, அந்த 6 சட்டையிலும் எந்த இடம் உரிந்தது?

பனியன் அச்சு: ஆறிலும் கழுத்துக்குக் கீழே முதல் வரி. இப்போதுதான் கவனிக்கிறேன், ஆறும் எஸ் சைஸ்.

பழைய திருகு: கழுத்துப் பட்டையும் தட்டின்மேல் இருந்திருக்கும். தையல் தடித்து மேல்தட்டைத் தூக்கிவிட்டது, பக்கத்துத் துணிக்கு அழுத்தம் விழவில்லை. சூடேற்றாமல், சட்டையின்மேல் நான்கு மூலையிலும் நடுவிலும் காகிதத் துண்டு வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்.

பனியன் அச்சு: பார்த்தேன் அண்ணா. பட்டைமேல் வைத்த துண்டு இழுத்த இழுப்பில் கிழிந்தது. அதற்கு இரண்டு விரல் கீழே வைத்தது வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பட்டையைத் தட்டுக்கு வெளியே தொங்கவிட்டு மூடினால் ஐந்தும் ஒரே மாதிரி பிடிக்கின்றன.

காற்று சிலிண்டர்: தையல் தூக்கினால் என் மெஷினிலும் இதே கதைதான், மீட்டரில் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு நாளில் நாலு வகைத் துணி அடிப்பவருக்குக் காற்று மெஷின்தான் என்பேன். அதுவரை ஒவ்வொரு ஜிஎஸ்எம்முக்கும் திருகில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள் தம்பி.