சாதுவான பசுக்களிடம் கூடுதல் கவனம் வேண்டும்

தம்பலகாமத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய மாட்டுப் பட்டியொன்று உண்டு. பெரும்போக விதைப்புக்கு முன்னர் மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துச் செல்லப்படும் அந்த மாடுகள் ஆட்களுடன் அவ்வளவாகப் பழகாதவை என்பதால், அவற்றிடம் எல்லோருமே எச்சரிக்கையாக இருப்பார்கள். நான் நேரில் கண்ட விபத்துகள் பெரும்பாலும் வளவில் கட்டிநின்று பால் தரும் பசுக்களாலேயே நேர்ந்தன.

சென்ற மாரியில், விடியற்புறம் ஈன்ற பசுவொன்றின் கன்று சேற்றில் கிடப்பதைக் கண்ட மச்சான், அதைத் தூக்கிக் கொட்டிலுக்குள் விடப் போனார். அவர் கையாலேயே பால் கறந்து பழகிய பசு அது. கத்தவுமில்லை, ஓடிவரவுமில்லை, தலையைத் தாழ்த்தி, மூக்கால் ஒருமுறை சீறியது, அடுத்த கணமே அவரை வேலியோடு சேர்த்து முட்டியது. விலா எலும்பு முறியாமல் தப்பியது வேலிக்கம்பி தளர்வாக இருந்ததனாலேயே என்று நினைக்கிறேன். "தாய்க்கும் கண்டுக்கும் நடுவில நிக்காதை எண்டு எத்தனை தரம் சொன்னனான்" என்று பெரியப்பா ஏசினார். அவரோ கன்றைச் சாக்கில் கிடத்தி, தாய் மோந்துகொண்டே பின்தொடரும்படி மெல்ல இழுப்பார்; தாயைக் கவனிக்க இன்னொருவர் தடியோடு நிற்பார்.

பசுவுக்குக் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நேர் பின்புறம் மட்டும் தெரியாது. ஆகவே பேச்சுக் கொடுத்தபடி தோள் பக்கமாக நெருங்குவதே நல்லது. பின்னங்காலை அது முன்னோக்கியும் பக்கவாட்டிலும் வீசி உதைக்கும் என்பதால், கறப்பவர் உடலோடு ஒட்டி இருக்கவேண்டும், அல்லது நன்றாக விலகி நிற்கவேண்டும். இடைத்தூரத்தில்தான் உதை முழு வேகத்தோடு விழும்.

நாம்பனை இழுக்கும் இளைஞர்கள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது எனக்குப் பிடிப்பதேயில்லை. மாடு வெருண்டு பாய்ந்தால் கையை விடுவிக்க நேரம் கிடைக்காது, விரலே போய்விடும். கயிற்றை மடித்துப் பிடிக்கலாம், அல்லது கட்டையில் ஒரு சுற்றுப் போடலாம்.

எச்சில் வடிய, தீனி விழுங்க முடியாமல் நிற்கும் மாட்டின் தொண்டையில் ஏதோ அடைத்திருப்பதாக எண்ணி வாய்க்குள் கையை விடுவோர் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். விசர்நோய் கண்ட மாடும் அப்படித்தான் நிற்கும். கால்நடை வைத்தியர் வந்து பார்க்கும்வரை அதைத் தனியே கட்டி வைக்கவேண்டும். எச்சில் பட்டவர் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு, தடுப்பூசிக்காக அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.