பாட்டி சிரிக்கும் இடமெல்லாம் ஒலி உடைகிறது: லிமிட்டர் ஏன் காப்பாற்றவில்லை?

கேள்வி:
பாட்டி சொல்லும் பழைய கதைகளைக் கையடக்க ரெக்கார்டரில் 24 பிட்டில் பதிந்து வருகிறேன். மெல்லிய குரலில் பேசுவார். திடீரென்று வாய்விட்டுச் சிரிப்பார். பேச்சு -6 டெசிபலைத் தொடும்படி வைத்து, ஒலி எல்லை மீறாமல் அடக்கும் லிமிட்டரையும் போட்டிருந்தேன். ஆனாலும் சிரிப்பு வரும்போதெல்லாம் கரகரவென்று உடைகிறது. எனக்கு அந்தச் சிரிப்புதான் முக்கியம். எங்கே தவறினேன்?

பதில் 1:
-6 மிக அதிகம். கருவி பதியக்கூடிய உச்ச எல்லை 0; அதைத் தாண்டும் அலை வெட்டுப்படும். அவருடைய பேச்சின் உச்சம் -18 அளவில் நிற்கட்டும். மேலே உள்ள இடம் முழுவதும் சிரிப்புக்கு. ஒலி சிறிதாகப் பதிவாகிறதே என்று அஞ்ச வேண்டாம். 16 பிட்டின் வீச்சு, அதாவது பதியக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி, ஏட்டளவில் 96 டெசிபல், 24 பிட்டுக்கு 144. மைக்கின் இரைச்சலும் அறையின் இரைச்சலும் 24 பிட்டின் அடிமட்டத்தைவிட வெகு மேலே இருக்கின்றன. பிறகு கணினியில் தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம். வெட்டுப்பட்ட அலையைப் பழையபடி மீட்கத்தான் வழியில்லை.

லிமிட்டரைப் பலரும் தவறாக நம்பிவிடுகிறார்கள். பல சிறிய ரெக்கார்டர்களில் ஒலி எண்களாக மாறிய பிறகுதான் அது வேலையைத் தொடங்குகிறது. அதற்கு முன்பே, மைக்கின் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பில் அலையின் தலை போய்விட்டால், தலையில்லாத அலையைத்தான் அது சிறிதாக்கித் தரும். உங்கள் கோப்பில் சிரிப்பு வரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் 0-க்குக் கீழே இருந்தும் தட்டையாகத் தெரிந்தால் நடந்தது இதுதான்.

இன்னொன்று: ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணச் சொல்லி அளவு வைக்காதீர்கள். அவர் வழக்கமாகச் சிரித்துவிடும் கதை ஒன்றை முதலில் கேட்டு, அதற்கு வையுங்கள்.

பதில் 2:
இரட்டைப் பதிவு வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். அதே பேச்சு குறைந்த அளவில் இன்னொரு கோப்பாகவும் கிடைக்கும். ஒலியைத் தானே ஏற்றி இறக்கும் தானியங்கி அளவு வசதியை மட்டும் அணைத்து வையுங்கள். பாட்டி மூச்சுவிட நிறுத்தும்போதெல்லாம் மின்விசிறியின் ஓசையை அது மேலே இழுத்துவிடும். மிகப் பெரிய வீச்சில் பதியும் 32 பிட் ஃப்ளோட் கருவியில் இந்தக் கவலை வெகுவாகக் குறையும் என்றாலும், மைக்கே திணறினால் அதுவும் உதவாது.

கேள்வி கேட்டவர்:
பார்த்துவிட்டேன். உச்சிகள் எல்லாம் -2-இல் சீவியதுபோல் தட்டையாக இருக்கின்றன. நாளை -18-இல், இரட்டைப் பதிவோடு உட்காருகிறேன். எந்தக் கதையை முதலில் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.