ஒரு வீடியோ கேம் வரிசையில் நடுவில் நாலைந்து பாகத்தை விட்டுவிட்டுத் திரும்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அசாசின்ஸ் கிரீட் வரிசையில் 2013-இல் வந்த பிளாக் ஃபிளாக் வரை நான் தீவிர பக்தன். அதன் நாயகன் எட்வர்ட் கென்வேயின் கப்பலில் கடைசி பீரங்கி வரை மேம்படுத்தி முடித்தவன். அதோடு நின்றுவிட்டது. கோபம் எதுவும் இல்லை, நேரம் இல்லை, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு யூனிட்டியும் ரோகும் ஒரே நாளில் வந்தன, அதற்கடுத்த ஆண்டு சிண்டிகேட். மூன்றையும் தொடவில்லை. 2017-இல் வந்த ஆரிஜின்ஸைப் போன மாதம்தான் ஆரம்பித்தேன்.

என் பயமெல்லாம் கதையைப் பற்றித்தான். மூன்றாம் பாகத்தில், நிகழ்காலக் கதையின் நாயகன் டெஸ்மண்ட் செத்துப்போனது தெரியும், பிளாக் ஃபிளாக்கில் நிகழ்காலத்தில் நடக்கும் அலுவலகக் காட்சிகள் அரைகுறையாக ஞாபகம். இரண்டு இரவு உட்கார்ந்து 'இதுவரை நடந்தது' வீடியோக்களைப் பார்த்து, ஒரு தாளில் குறிப்பு வேறு எடுத்தேன். (வீட்டில் யாரிடமும் காட்டவில்லை.) ஒன்றுமே தேவைப்படவில்லை. கதை நடப்பது கி.மு. 49 வாக்கில், கிளியோபாட்ராவின் எகிப்தில். இந்த வரிசையின் நாயகர்கள் சேரும் அசாசின் கூட்டமே இனிமேல்தான் பிறக்க வேண்டும். நான் தவறவிட்ட மூன்று பாகங்களும் இதற்கு ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்குப் பிறகு நடப்பவை.

அடி விழுந்தது விரலில். பழைய பாகங்களில் சண்டை என்றால் எனக்குத் தாளம் மாதிரி. எதிரியின் தலைக்கு மேல் குறி மின்னும், வட்டப் பட்டனைத் தட்டினால் தடுப்பான், சதுரப் பட்டனைத் தட்டினால் ஆள் காலி. அடுத்தவன் தன் முறை வரும்வரை நல்ல பிள்ளையாக நிற்பான். ஆரிஜின்ஸில் வெட்டு, குத்து எல்லாம் தோள் பட்டனுக்குப் போய்விட்டது. சதுரம் இப்போது விலகுவதற்கு. விளைவு என்ன தெரியுமா? முதல் சண்டையில் எதிரி என் முன்னால் நிற்கிறான், நான் சதுரத்தை வெறித்தனமாகத் தட்டுகிறேன், என் நாயகன் பேயெக் இடப்பக்கம் ஒரு துள்ளல், வலப்பக்கம் ஒரு துள்ளல். கையில் வாளை வைத்துக்கொண்டு அவனைச் சுற்றி நடனம். பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "இது சண்டையா, கும்மியா?" என்றான். நான் தோற்று எழுந்தபின் கண்ட்ரோலரை வாங்கினான். வாழ்க்கையில் இந்த வரிசையைத் தொட்டதே கிடையாது அவன். இரண்டாவது முயற்சியில் ஜெயித்துவிட்டான். அவனுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை, அதுதான் விஷயம்.

அதைவிட மானம் போனது மறைகத்தியில் (மணிக்கட்டில் ஒளிந்திருக்கும் கத்தி). புதருக்குள் பதுங்கி, விசிலடித்து, ஒருவனைப் பக்கத்தில் வரவழைத்துக் குத்தினேன். பத்து வருஷமாக இதைச் செய்தால் ஆள் சரிவான். இவனுக்கு உயிர்க்கோடு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தான். தலைக்கு மேல் சிவப்பு மண்டையோடு. லெவல் என்று ஒன்று வந்திருப்பதும், என்னைவிட ரொம்ப மேலே இருப்பவனுக்கு அந்தக் குறி போடுவார்கள் என்பதும் அடுத்த ஐந்து நொடியில் புரிந்தது.

ஒரே ஒரு இடத்தில் பழைய சரக்கு கைகொடுத்தது. ஒரு காட்சியில், மறைகத்தியால் குத்தும்போது பேயெக்கின் மோதிர விரல் போகிறது. முதல் பாகத்து நாயகன் அல்டாயிருக்கும் அந்த விரல் கிடையாது. தம்பிக்கு அது வெறும் ரத்தம், எனக்குப் புல்லரித்தது.

உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

*

கும்மியைப் படித்துச் சிரித்துவிட்டேன். என்னுடையது போகிமான்.

கோல்ட் என்கிற பழைய பாகத்தை ஆடிய பிறகு மூன்று தலைமுறை விட்டு, 2013-இல் வந்த எக்ஸ் என்கிற பாகத்தில்தான் திரும்பினேன். இதில் ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு வகை உண்டு. எந்த வகை எந்த வகையை அடிக்கும் என்கிற அட்டவணை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அந்தத் திமிர் இருந்தது. அதிலும் டிராகன் என்றால் ராஜா. கோல்ட் காலத்தில் டிராகன் அடியை ஸ்டீல் மட்டும்தான் பாதியாகத் தாங்கும், ஒரேயடியாகத் தடுக்க எதுவுமே கிடையாது.

ஆறாவது ஜிம் (போட்டிக் கூடம்), அதன் தலைவி வலேரி. மிஸ்டர் மைமை இறக்கினாள். எனக்குத் தெரிந்த பழைய ஆள், சைக்கிக் வகை. என் டிராகன் கேபைட்டை விட்டு டிராகன் கிளா என்கிற அடியைப் போட்டேன். 'பாதிப்பே இல்லை' என்று வந்தது. குறைவாக அடித்தது என்றுகூட இல்லை, பாதிப்பே இல்லை. பட்டன் தப்பாக அழுத்திவிட்டேன் போல என்று நினைத்து மறுபடியும் அதையே போட்டேன். அதே வரி. மூன்றாவது தடவை போடுவதற்குள் கேபைட் இல்லை.

அந்த எக்ஸ், ஒய் இரண்டிலும்தான் ஃபேரி என்று புது வகையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். புதிதாக வந்தவர்களோடு நிற்காமல், பழைய ஆட்களுக்கும் முன்தேதியிட்டு மாற்றிவிட்டார்கள். மிஸ்டர் மைம் இப்போது சைக்கிக்கும் ஃபேரியும். கிளஃபேரி முழுக்க ஃபேரி. பத்து வருஷம் கழித்து ஊர்க்காரரைப் பார்த்துப் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பாமல் போவாரே, அப்படி இருந்தது.

ஃபேரிக்கு மருந்து ஸ்டீலும் பாய்சனும். பாய்சன்! கோல்டில் அது புல் வகையை மட்டும் உருப்படியாக அடிக்கும். அதனால் என் அணியில் பாய்சனுக்கு எப்போதும் இடமே கொடுத்ததில்லை. இந்தத் தடவையும் பிடித்த ஒன்றைக்கூடப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன்.

இன்னொன்று. விஷமுறிவு மருந்து இருபது வாங்கிப் பையில் அடுக்கியிருந்தேன். பழையதில் விஷம் ஏறினால் நாலு அடிக்கு ஒரு தடவை உயிர் குறையும், திரை நடுங்கும், பக்கத்து ஊருக்கு ஓட வேண்டும். இதில் நடக்கும்போது விஷம் ஒன்றும் செய்வதில்லை. அந்த மருந்தில் பாதி கடைசிவரை பையிலேயே கிடந்தது.

*

சின்னதாக ஒன்று. நாடு கட்டி ஆளும் சிவிலைசேஷன் விளையாட்டில், மூன்றாம் பாகத்துக்குப் பிறகு நேராக ஆறு. மூன்றில் வேலையாட்கள் சாகாவரம் பெற்றவர்கள், சாலையும் வயலும் காலத்துக்கும் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆறில் என் ஆளை மூன்று இடத்தில் வேலை செய்ய வைத்துவிட்டு, 'இனி சாலை போடு' என்று சொல்லத் தேடுகிறேன், ஆளைக் காணவில்லை. எதிரி பிடித்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்து எல்லைக்குப் படையெல்லாம் அனுப்பினேன். மூன்று வேலையோடு அவர் கணக்கு முடிந்துவிடுமாம். சாலையை வணிகர்களே போட்டுக்கொள்வார்களாம். அனுப்பிய படை வீணாகக் கூடாதே என்று அப்படியே போர் தொடுத்துவிட்டேன்.

*

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். காட் ஆஃப் வார் 2018 ஆடாதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள், கதை உடையும்.

நான் கடைசியாக ஆடியது 2007-இல் வந்த இரண்டாம் பாகம். அதற்குப் பின் செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ், மூன்று, கோஸ்ட் ஆஃப் ஸ்பார்ட்டா, அசென்ஷன், நாலையும் தொடவில்லை. 2018-க்கு வந்தபோது விரல் தகராறு எனக்கும் உண்டு. தாவலாம் என்று எக்ஸ் பட்டனை அழுத்தினால் நாயகன் கிரேட்டோஸ் நகர்ந்து விலகுகிறான். தாவுவதற்குப் பட்டனே இல்லை! ஆனால் அது ஒரு நாள் கூத்து.

பாதிக் கதையில் மகன் அட்ரியஸுக்கு உடம்பு முடியாமல் போகிறது. மருந்து ஹெல்ஹைம் என்கிற இறந்தவர்களின் உலகத்தில் இருக்கிறது, அங்கே கிரேட்டோஸின் பனிக்கோடரி செல்லாது. கிரேட்டோஸ் தனியாகப் படகில் வீட்டுக்கு வருகிறான். தரைப் பலகையைத் தூக்கி, அடியிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுக்கிறான். பக்கத்திலிருந்த நண்பன், "எதுக்கு இவ்வளவு நேரம் இழுக்கிறாங்க?" என்றான். எனக்கு அது என்னவென்று படகிலேயே தெரிந்துவிட்டது: பழைய பாகங்களில் அவன் சுழற்றிய சங்கிலி வாள்கள். சங்கிலி முன்கையில் சுற்றும்போது என் கட்டைவிரல் சதுரத்துக்குப் போய் நின்றிருந்தது, நான் அனுப்பவில்லை.

அதே வீட்டில் கிரேக்கத் தெய்வம் அதீனா வந்து நிற்கிறாள். இரண்டாம் பாகத்தின் முடிவில், ஜீயஸுக்கு விழ வேண்டிய குத்தைத் தான் வாங்கிச் செத்தவள். மூன்றில் அவள் ஆவியாக வருகிறாள் என்று பிறகுதான் படித்தேன். வரிசையாக ஆடியவர்களுக்கு அவள் பழகிய முகம். எனக்கு, நான் கடைசியாகப் பார்த்தபோது செத்துக்கிடந்தவள். நடுவிலிருந்த நாலையும் ஆடியிருந்தால் அந்த இடத்தில் நான் சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

*

முதலில் எழுதியவன்தான். ஆரிஜின்ஸ் முடித்துவிட்டேன். பழைய கை இன்னும் இருக்கிறதா பார்க்கலாம் என்று நேற்று பிளாக் ஃபிளாக்கைப் போட்டேன். பழைய சேவ், ஹவானா, நாலு காவலர்கள். வெட்டுவதற்காகத் தோள் பட்டனை அழுத்தினேன். எட்வர்ட் வாளும் கையுமாக அவர்களைத் தாண்டி ஓடி, எதிரிலிருந்த சுவரில் ஏறிவிட்டான். தம்பி பக்கத்தில் இல்லை, தப்பித்தேன்.