டெக்கில் புள்ளி, கேசட்டில் பூசணம், பைண்டிங்கில் பூச்சி: அம்மாவுக்காக எதை முதலில் காப்பாற்றுவது?

மாயவரம் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 79 வயது. முழங்கால் வலியால் வெளியே போவது குறைந்துவிட்டது. படிப்பதும் பழைய நாடகம் பார்ப்பதும்தான் அவருக்குப் பிடித்தவை. இப்போது வரும் தொடர்களைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுகிறார். அவருக்காகப் பரணிலிருந்து அப்பாவின் டிரங்குப் பெட்டிகளை இறக்கினோம்.

ஒரு பெட்டியில் வீடியோ கேசட்டுகள். 1988 வாக்கில் வீடியோ டெக் வாங்கியதிலிருந்து அப்பா பதிவு செய்து வைத்தவை. சென்னைத் தொலைக்காட்சியின் செவ்வாய்க்கிழமை நாடகங்கள், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், 93-இல் சன் டிவி வந்த பிறகு சில தொடர்கள். இவற்றோடு அக்கா கல்யாணம், என் சீமந்தம், தாத்தாவின் சதாபிஷேகம். இன்னொரு பெட்டியில், வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, காலிகோ துணியில் முதுகு போட்டு பைண்ட் செய்த தொகுதிகள்.

பழைய டெக் ஓடவில்லை. தெரிந்தவர் மூலம் வேறொரு டெக் வாங்கினோம். அதில் நாடகக் கேசட்டைப் போட்டால் வசனம் தெளிவாகக் கேட்கிறது, படம் மட்டும் வெள்ளைப் புள்ளியாகக் கொட்டுகிறது. ட்ராக்கிங் பட்டனை அழுத்தியும் மாற்றமில்லை. நியூஜெர்சியிலிருந்து சித்தப்பா அனுப்பிய ஆயுஷ்ஹோமக் கேசட் வேறு மாதிரி: படம் உருண்டுகொண்டே இருக்கிறது, கலர் இல்லை, பேச்சு இழுத்து இழுத்துக் கேட்கிறது. சதாபிஷேகக் கேசட்டை நான் இன்னும் போடவே இல்லை. கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் சுருளின் ஓரத்தில் சாம்பல் வெள்ளையில் பொடி படர்ந்திருக்கிறது.

பைண்டிங் தொகுதிகளில் துளைகள். சில பக்கங்கள் திருப்பும்போதே ஓரம் உதிர்கின்றன. உள்ளூரில் ஒரு ஸ்டூடியோவில் கேட்டதற்கு, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போங்கள், எப்போது முடியும் என்று சொல்ல முடியாது என்றார்கள். கொடுக்க மனம் வரவில்லை. எங்கே தொடங்குவது?

கேசட்காலம் எழுதியது:

முதல் வேலை, சதாபிஷேகக் கேசட்டை எந்த டெக்கிலும் போடாதீர்கள். நீங்கள் பார்த்தது பூசணம்தான். அது ஓடினால் டேப் ஒட்டிக் கிழியலாம், டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பூசணம் ஏறும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியே ஒரு காகித உறையில் போட்டு, மற்ற கேசட்டுகளிலிருந்து விலக்கி, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். தொடும்போது முகக்கவசம் போடுங்கள், அம்மா இருக்கும் அறையில் திறக்க வேண்டாம்.

நாடகக் கேசட் விஷயம் எளிது. விஎச்எஸ் டேப்பில் சாதாரண ஒலி டேப்பின் ஓரத்தில் நேர்கோடாகப் பதிவாகிறது, அதைப் படிக்க அசையாத தனி ஹெட் உண்டு. படத்தைப் படிப்பது சுழலும் டிரம்மில் இருக்கும் ஹெட்கள். ஒலி நன்றாக வந்து படம் மட்டும் புள்ளியாகக் கொட்டினால், பெரும்பாலும் டிரம் ஹெட்டில் அழுக்கு. டேப் கெட்டுப்போகவில்லை என்று நினைத்துத் தைரியமாக இருங்கள்.

சுத்தம் செய்யும் முறை: ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் மூடியைக் கழற்றுங்கள். பஞ்சுக் குச்சி வேண்டாம், அதன் நூல் சிக்கினால் ஹெட்டின் நுனி உடையும். வழவழப்பான வெள்ளைத் தாளை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, 99 சதவீத ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் படுத்தாற்போல் வைத்துப் பிடியுங்கள். இன்னொரு கையால் டிரம்மின் மேல்பகுதியை மெதுவாகச் சுற்றுங்கள். தாள் அசையக்கூடாது, குறிப்பாக மேலும் கீழும் தேய்க்கவே கூடாது. தாளில் பழுப்புக் கோடு விழும், அதுதான் அழுக்கு. கோடு விழுவது நிற்கும் வரை தாளை மாற்றிச் செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே டெக்கை ஓட்டுங்கள். சோதிக்க, போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு சினிமா கேசட்டைப் போடுங்கள்.

வடபழனி வாசகன் எழுதியது:

மேலே சொன்னது சரி. நியூஜெர்சி கேசட்டுக்கு என் பதில். அதில் கோளாறு எதுவும் இல்லை. அமெரிக்காவில் என்டிஎஸ்சி முறை, 525 வரி, நொடிக்கு ஏறக்குறைய 30 படம். நம் ஊர் டெக்குகள் பால் (PAL) முறை, 625 வரி, 25 படம். டேப் ஓடும் வேகமும் வேறு, அதனால்தான் பேச்சு இழுக்கிறது. இரண்டு முறையையும் ஓட்டும் மல்ட்டி சிஸ்டம் டெக் கிடைத்தால் அப்படியே ஓடும். அந்தக் காலத்தில் துபாய், சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த டெக்குகளில் பல மல்ட்டி சிஸ்டம்தான். சொந்தத்தில் விசாரித்துப் பாருங்கள், யார் வீட்டிலாவது பரணில் இருக்கும். புது டெக் கிடைக்காது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமே 2016-இல் நிறுத்திவிட்டது.

சித்தப்பா அங்கேயே இருந்தால் கேசட்டை அவருக்கு அனுப்பி அங்கேயே மாற்றச் சொல்வதும் நல்ல வழி. ஆனால் தபாலில் போவது ஒரே ஒரு பிரதி என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எல்லா கேசட்டிலும் முதுகுப் பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அது உடைக்கப்படாமல் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள். அதன்பின் தெரியாமல் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் எதுவும் அழியாது.

பழைய தாள் எழுதியது:

பைண்டிங் பற்றி நான் சொல்கிறேன், இது என் வேலைக்குப் பக்கத்து விஷயம்.

துளை இருப்பதால் இப்போதும் பூச்சி இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். தொகுதியை வெள்ளைத் துணிமேல் தட்டுங்கள். மெல்லிய புதுத் தூள் உதிர்ந்தால் இராமபாணப் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. அப்படியானால் தொகுதியை ஜிப் உறையில் காற்றில்லாமல் மூடி, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போகும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். ஃப்ரிட்ஜின் மேல் தட்டு பல வீடுகளில் அந்தக் குளிருக்குப் போவதில்லை. வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் தாள்மேல் நீர் கோர்க்கும். இது புத்தகத்துக்கு மட்டும்தான், கேசட்டை ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள்.

உதிரும் பக்கத்துக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம். வார இதழ்த் தாளில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டு அதுதான் தாளை மஞ்சளாக்குகிறது, கூடவே தாளில் அமிலம் சேர்ந்து நொறுங்க வைக்கிறது. நடந்ததைத் திருப்ப முடியாது, வேகத்தைக் குறைக்கலாம்: வெயில் படாத இடம், சுவரை ஒட்டாத அலமாரி, அமிலமற்ற தாள் உறை.

மஞ்சள்ராணி எழுதியது:

எங்கள் வீட்டில் பாச்சை உருண்டை போட்டு வைப்போம், பூச்சி வராது. வசம்பும் வேப்பிலையும் கூடப் போடலாமே?

பழைய தாள் எழுதியது:

வசம்பு சுவடிக் காலத்திலிருந்து வரும் பழக்கம், துணிப்பையில் முடிந்து அலமாரி மூலையில் வைத்தால் கெடுதல் இல்லை. பக்கங்களுக்கு நடுவே இலையைச் செருக வேண்டாம், கறை பிடிக்கும். பாச்சை உருண்டையை நான் சிபாரிசு செய்யமாட்டேன் அக்கா. அதன் ஆவி மூச்சுக்கு நல்லதல்ல, 79 வயது அம்மா மடியில் வைத்துப் படிக்கப்போகும் புத்தகம் அது.

கொங்குப் பாட்டி எழுதியது:

மகளே, எல்லாரும் எப்படி என்று சொல்லிவிட்டார்கள். எது முதலில் என்று நீ கேட்டதற்கு நான் சொல்கிறேன்.

வீட்டு விசேஷக் கேசட்டுகள்தான் முதலில். நாடகம் வேறு யாரிடமாவது இருக்கும். பிரசார் பாரதி ஆவணக் காப்பகம் பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளை யூடியூபில் ஏற்றுகிறது, தனியார் தொடர்கள் சிலவற்றை எடுத்தவர்களே ஏற்றியிருக்கிறார்கள். எல்லாம் கிடைக்காது, ஆனால் தேடிப் பார்க்க இடம் இருக்கிறது. உன் தாத்தா சதாபிஷேகம் உலகத்தில் அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது.

தொடர்கதையும் அப்படித்தான். கதை புத்தகமாக வந்திருக்கும், நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். ஆனால் கோபுலுவும் மாருதியும் ஜெயராஜும் வாராவாரம் போட்ட படங்கள் அந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் இருக்காது. அதனால் பிரதி எடுக்கும்போது படமுள்ள பக்கங்களை முதலில் எடு. பின்பக்கத்து விளம்பரத்தையும் விடாதே.

இன்னொரு வேலை, இதற்கு டெக் வேண்டாம், இன்றைக்கே செய்யலாம். கல்யாண ஆல்பத்தை அம்மா மடியில் வைத்து, பக்கத்தில் ஃபோனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு படத்திலும் யார் யார் என்று சொல்லச் சொல். என் மாமியார் போன பிறகு எங்கள் ஆல்பத்தில் பாதி முகத்துக்குப் பெயர் சொல்ல ஆளில்லை. கேசட்டுக்கு நீ இன்னும் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளலாம்.

மாயவரம் மகள் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. பாட்டி சொன்னதை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டோம். அம்மா ஆளின் பெயரோடு நிற்கவில்லை, அந்தப் புடவை எந்தக் கடையில் எடுத்தது, யார் யாரோடு அப்போது பேசாமல் இருந்தார்கள் என்று போய்க்கொண்டே இருக்கிறது.

தாளால் டிரம்மைத் துடைத்தேன். கேசட்காலம் சொன்ன அதே பழுப்புக் கோடு விழுந்தது. இப்போது நாடகம் தெளிவாக ஓடுகிறது. நாடகத்துக்கு முன்னால் அப்பா செய்தியின் கடைசிப் பகுதியையும் சேர்த்துப் பதிவு செய்திருக்கிறார், அம்மா அதையும் விடாமல் பார்க்கிறார்.

பைண்டிங்கைத் தட்டியதில் தூள் எதுவும் உதிரவில்லை. ஓரங்களில் அப்பா பென்சிலில் இதழின் தேதியைக் குறித்திருக்கிறார், ஒரு தொகுதியில் பால் கணக்கும் இருக்கிறது. அழிப்பானால் சுத்தம் செய்யலாம் என்று தம்பி சொன்னான், விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது இரண்டு கேள்வி. கேசட்டைக் கணினியில் ஏற்ற யூஎஸ்பி கேப்சர் கருவி வாங்கினேன். படம் வருகிறது, ஆனால் ஆட்கள் அசையும்போது ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடு தெரிகிறது. சில இடங்களில் திடீரென நீலத்திரை ஆகிவிடுகிறது, அதே இடம் டிவியில் ஒழுங்காக ஓடுகிறது. அடுத்து, பூசணக் கேசட்டை என்ன செய்வது?

கேசட்காலம் எழுதியது:

கோடு கோளாறு அல்ல. விஎச்எஸ்ஸில் ஒவ்வொரு படமும் ஒற்றை வரி, இரட்டை வரி என இரண்டு பாதியாகப் பதிவாகிறது, கணினித் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறது. கணினியில் பதிவு செய்யும் ஓபிஎஸ் ஸ்டூடியோ மென்பொருளில், கேப்சர் கருவியைக் காட்டும் மூலத்தின்மேல் வலது கிளிக் செய்தால் டீஇன்டர்லேசிங் இருக்கும், அதில் யாடிஃப் 2எக்ஸ் தேர்ந்தெடுங்கள், நொடிக்கு 50 படம் வையுங்கள். அளவு 720க்கு 576, காட்சி விகிதம் 4:3. அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள்.

நீலத்திரைக்குக் காரணம், பழைய டேப்பில் வரும் சிக்னலின் நேர ஒழுங்கு ஆடுவது. டிவி அதைப் பொறுத்துக்கொள்ளும், விலை குறைந்த கேப்சர் கருவி பொறுக்காது. டெக்கின் மெனுவில் நீலப் பின்னணியை நிறுத்தும் வசதி இருந்தால் முதலில் நிறுத்துங்கள். அப்படியும் வந்தால், வீட்டில் பழைய டிவிடி ரெக்கார்டர் இருக்கிறதா பாருங்கள். டெக்கிலிருந்து அதற்குள், அதிலிருந்து கணினிக்கு என்று இணைத்தால் சில மாடல்கள் சிக்னலைச் சீராக்கி அனுப்பும்.

பூசணக் கேசட்டுக்கு நீங்களே கை வைக்காமல் இருப்பது நல்லது. கேசட்டின் வெளிக்கூட்டைப் பிரிப்பது சுலபம், அடியில் ஐந்து திருகுகள்தான். ஆனால் 180 நிமிட டேப்பை முழுவதும் துடைத்து, வேறு கூட்டுக்குள் மாற்ற வேண்டும். அதைச் செய்து பழகிய ஆளிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பூசண டேப்புக்குத் தனி டெக் வைத்திருக்கிறீர்களா, நான் பக்கத்தில் இருக்கலாமா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் கொடுங்கள். அதுவரை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள், பூசணம் காய்ந்து வளர்வது நிற்கும்.

பழைய தாள் எழுதியது:

பக்கங்களைப் பிரதி எடுக்க ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தாதீர்கள், முதுகு பிளந்துவிடும். இரண்டு தலையணையை வைத்து, தொகுதி பாதி மட்டும் விரியும்படி சாய்த்து, இருபக்க வெளிச்சத்தில் ஃபோனிலேயே படமெடுங்கள். அச்சில் கிடைக்காத பக்கங்கள் இருந்தால் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கோட்டையூர் முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை வைத்து 1994-இல் உருவானது. பழைய தமிழ் இதழ்கள் அங்கே நிறைய. உங்கள் தொகுதியில் பூச்சி தின்ற பக்கம் அங்கே முழுசாக இருக்க வாய்ப்பு உண்டு.

மாயவரம் மகள் எழுதியது:

டீஇன்டர்லேசிங் வேலை செய்தது. டிவிடி ரெக்கார்டர் பெரியப்பா வீட்டில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். கடைசியாக ஒன்று: சீமந்தக் கேசட் மூன்று மணி நேரமும் ஒரே கோப்பாக 6 ஜிபிக்கு மேல் வந்திருக்கிறது, பென் டிரைவில் ஏறமாட்டேன் என்கிறது. அம்மா டிவியில்தான் பார்ப்பார்.

வடபழனி வாசகன் எழுதியது:

பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்து பாருங்கள். உங்கள் டிவி அதைப் படிக்கவில்லையென்றால் ஒரு மணி நேரத் துண்டுகளாக வெட்டி ஏற்றுங்கள். எனக்குக் கேட்டால் வெட்டுவதே மேல். வளைகாப்பு, சாப்பாட்டுப் பந்தி, ஆசீர்வாதம் என்று தமிழிலேயே பெயர் வைத்தால் அம்மா வேண்டியதை ரிமோட்டில் தானே எடுத்துக்கொள்வார். மூலக் கோப்பை வெட்டாமல் ஹார்டு டிஸ்கில் வைத்து, அக்கா வீட்டில் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.