நிதி விண்ணப்பம் எழுதித் தர நம்பகமான ஆள் தெரியுமா? (டர்பன்)

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. சாட்ஸ்வொர்த்தில் சின்னதாக ஒரு தன்னார்வக் குழு நடத்துகிறோம். குவாசூலு-நட்டாலில் 400 பேருக்கு மேல் பலிகொண்ட 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு ஓடைக்கரைகளில் குப்பை அள்ளுவது, நாட்டு மரம் நடுவது என்று போகிறது. கைக்காசு தீர்ந்துவிட்டது.

வளரும் நாடுகளின் காலநிலைத் திட்டங்களுக்குப் பணம் தரும் பசுமைக் காலநிலை நிதியத்திடம் எங்களைப் போன்றவர்கள் நேரே போக முடியாது. சான்பி (தென்னாப்பிரிக்க தேசிய பல்லுயிர் நிறுவனம்) மாதிரி அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போகவேண்டும். எங்கள் அளவுக்கு ஐநா வளர்ச்சித் திட்டம் நடத்தும் சிறு மானியத் திட்டம்தான் சரி. அதற்கு எழுதிப் பழகியவர் வேண்டும், பகுதிநேரமாக.

கூலிதான் குழப்பம். ஒருவர் கிடைக்கும் தொகையில் பத்து சதவீதம் கேட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. மானியம் எழுதுவோரின் சங்கங்களே சதவீதக் கூலியை நெறிக்குப் புறம்பு என்கின்றன. நிதி தருபவர்களும் பெரும்பாலும் அந்தச் செலவை ஏற்பதில்லை. அப்புறம் அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

நீங்கள் மணிக்கணக்கில் கொடுத்தீர்களா, விண்ணப்பத்துக்கு மொத்தமாகவா? எத்தனை ராண்ட்? முன்பணம் எவ்வளவு வரை நியாயம்? பழைய விண்ணப்பம் ஒன்றைக் காட்டச் சொன்னால் தப்பாக நினைப்பார்களா? (ஏஐயிடம் கொடுத்துப் பார்த்தோம். நாங்கள் நடாத மரத்துக்கெல்லாம் கணக்கு எழுதுகிறது!) தெரிந்தவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.