எஸ்இ33 என்ற டிஎன்ஏ குறியிடத்தில் மட்டும் ஹோமோசைகோட் (இரு பிரதியும் ஒரே அல்லீல், அதாவது ஒரே வடிவம்) மிகுதி

நீலகிரியில் அகமண வழக்கமுள்ள சிறு பழங்குடிக் குழு. உறவில்லாத 96 பேரின் ரத்த மாதிரி, 21 ஆட்டோசோமல் எஸ்டிஆர் (பாலினக் குரோமோசோம் அல்லாதவற்றில், குறுந்தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்கள்), 3500 டிஎன்ஏ பகுப்பாய்வுக் கருவி. எஸ்இ33 மட்டும் ஹார்டி-வைன்பெர்க் சமநிலையில் (அல்லீல் நிகழ்வெண்களிலிருந்து எதிர்பார்க்கும் விகிதத்தில்) இல்லை, பல சோதனைகளுக்கான போன்ஃபெரோனி திருத்தத்துக்குப் (0.05/21) பிறகும் அதே கதை. உறவுத் திருமணம்தான் காரணமென்றால் மற்ற லோக்கஸ்களிலும் (குறியிடங்களிலும்) தெரிந்திருக்க வேண்டுமே.

'ஹோமோசைகோட்' பலவற்றில் உச்சத்தின் உயரம் இருமடங்கு இல்லை, ஹெட்டிரோசைகோட் (இரண்டு வேறு அல்லீல்) அளவுதான். ப்ரைமர் (நகலெடுப்பைத் தொடங்கும் டிஎன்ஏ துண்டு) ஒட்டும் இடத்தில் திரிபு, அதனால் ஓர் அல்லீல் நகலாகவில்லை என்றே சந்தேகம். டிஎன்ஏ 1 நானோகிராம், சிதைவில்லை. அனீலிங்கை (ப்ரைமர் ஒட்டும் வெப்பநிலையை) 59-இலிருந்து 57 டிகிரிக்கு இறக்கியதும் சிலவற்றில் இரண்டாம் அல்லீல் மங்கலாக எழுந்தது. கூடவே வேண்டாத உச்சங்களும். குழுவுக்குள் உள்ள உறவுக்கான திருத்தமாகத் தீட்டா 0.03 போட்டாலும் இது சரியாகாது. வேறு ப்ரைமர் கிட்டோ சீக்வென்சிங்கோ கைவசம் இல்லை.

ஒற்றை அல்லீலுக்கு நிகழ்வெண்ணின் வர்க்கத்துக்குப் பதில் இருமடங்கைப் போட்டு எஸ்இ33-ஐ நிகழ்வெண் அட்டவணையில் வைத்துக்கொள்ளலாமா, நீக்கிவிட வேண்டுமா?